நாலாவது பாட்டின் கடைசியில் அக்கா

சுகுணாவின் அக்கா திலகா ஒரு ராக் ஆல்பத்தின் நாலாவது பாட்டின் கடைசியில் குடியிருந்தாள். வாடகை கிடையாது. தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. பாட்டு முடிகிற இடம் என்பதால் அக்கம்பக்கத்துத் தொந்தரவும் குறைவு.

உறவுக்காரர்கள் விசாரித்தால் சுகுணா உள்ளதை அப்படியே சொல்லிவிடுவாள். திலகா இப்போ எங்கே இருக்கிறாள் என்பார்கள். நாலாவது பாட்டு, கடைசி என்பாள். நல்ல இடம்தான் என்று சொல்லிவிட்டு அவர்களும் காபியை ஆற்றிக் குடிப்பார்கள். யாரும் அதற்குமேல் துருவியதில்லை. திருச்சிக்காரர்களுக்கு விலாசம் தெளிவாக இருந்தால் போதும்.

அந்த ஆல்பத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள்.

ஆல்பத்தின் பேர் 'மின்தடை'. வாசித்தவர்கள் பொன்மலை ரயில்வே குடியிருப்புப் பையன்கள் மூன்று பேர். குழுவுக்கு 'ஈயவாளி' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். ஓர் எலக்ட்ரிக் கிடார், கம்பி குறைந்த இன்னொரு கிடார், தாளத்துக்கு நிஜமாகவே ஓர் ஈய வாளி. பாடுகிறவர் எட்வின். மகா கூச்சக்காரர். சுவரைப் பார்த்து நின்றால்தான் அவருக்குக் குரல் வரும்.

கரண்ட் இருக்கிற நேரத்தில் அந்தத் தெருவில் எதையும் பதிவு செய்ய முடியாது. வீட்டுக்கு வீடு டிவி, மிக்ஸி, கிரைண்டர். கரண்ட் போனால்தான் தெரு வாயை மூடும். ஆகவே எலக்ட்ரிக் கிடாரைக் கரண்ட் இல்லாதபோது வாசித்து, பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரில் பிடித்தார்கள். கரண்ட் வந்ததும் தெருவே "ஏய்ய்ய்" என்று கத்தும். அத்தோடு பாட்டு முடிந்துவிடும். எந்தப் பாட்டு எவ்வளவு நீளம் என்பதை டிரான்ஸ்பார்மர்தான் முடிவு செய்தது. இவ்வளவு அடக்கமான ராக் குழு உலகத்தில் வேறு கிடையாது என்பது சுகுணாவின் அபிப்பிராயம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நாலாவது பாட்டு மட்டும் வேறு மாதிரி. "நீ திரும்பி வரும்போது வாசல்ல..." என்று எட்வின் இழுக்கிறார். சரியாக அந்த இடத்தில் ஒரு பெண்குரல் "வந்துருச்சு" என்று கத்துகிறது. பாட்டு நின்றுவிடுகிறது.

கரண்ட் வரவில்லை. பொய். கத்தியது திலகா.

அது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. எல்லோரும் இருட்டில் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று "வந்துருச்சு" என்பாள். தெருவே அண்ணாந்து பல்பைப் பார்க்கும். எத்தனை தடவை ஏமாந்தாலும் பார்க்கும். அன்றைக்கு எட்வினும் பார்த்தார். கிடார் வாசித்தவரும் பார்த்தார். வாளிக்காரர் வாளியைக் கீழேயே வைத்துவிட்டார். வாசலில் என்ன என்பது பாடப்படாமலே போயிற்று.

ஆல்பத்தைக் கேட்ட கொஞ்சநஞ்சம் பேரும் இத்தனை வருஷமாக அந்த வாசலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோலம் என்கிறது ஒரு கட்சி. செருப்பு என்கிறது இன்னொரு கட்சி. எட்வினிடமே போய்க் கேட்டவர்கள் உண்டு. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பொய் சொல்வது அக்காவின் வேலை என்றால், உண்மை சொல்வது சுகுணாவின் வேலை. கரண்ட் போனதும் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்பாள்: "எதிர்வீட்டுல இருக்கா?" சுகுணா ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு மட்டும் போச்சா, எல்லாருக்கும் போச்சா என்று தெரியாமல் தமிழ்நாட்டில் யாராலும் ஓர் இருட்டில் நிம்மதியாக உட்கார முடியாது. நமக்கு மட்டும் போயிருந்தால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும், வயிற்றெரிச்சல் பட வேண்டும். எல்லாருக்கும் போயிருந்தால் பாயை எடுத்து வெளியே போட்டுவிடலாம். "இல்லக்கா, எல்லாருக்கும் போயிருக்கு" என்பாள் சுகுணா. "அப்ப சரி" என்பாள் அக்கா.

ஆல்பம் பதிவான வருஷமே திலகாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சாயங்காலம் அங்கேயிருந்து ஆள் வந்து வாசலில் நின்று சொன்னார். அம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சுகுணா ஜன்னலுக்கு ஓடினாள். அன்றைக்கு யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். மாடிவீட்டிலும் விளக்கு. கடைசி வீட்டிலும் விளக்கு. நமக்கு மட்டும்தான் போயிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த அன்று யாரோ அந்த டேப்பைப் போட்டார்கள். நாலாவது பாட்டின் கடைசியில் திலகா இருந்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கதான் இருக்காளா" என்றாள். உடனே எழுந்து உலை வைக்கப் போனாள்.

அதன்பிறகு தீபாவளிக்குத் தீபாவளி அம்மா ஒரு தாவணி எடுத்து டேப் ரிக்கார்டர்மேல் வைப்பாள். விடிந்தால் இருக்காது. பொங்கலுக்குக் கரும்பு வைப்பாள். சக்கை மட்டும் திரும்பி வரும்.

பிறகு ஒருநாள் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சுகுணா ஆல்பம் முழுவதையும் முன்னும் பின்னும் ஓட்டித் தேடினாள். அம்மா எந்தப் பாட்டிலும் இல்லை. அம்மா கத்துகிற ரகம் இல்லை. கரண்ட் போனாலும் வந்தாலும் அடுக்களையில்தான் இருப்பாள். அம்மாவைப் பதிவு செய்ய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே சுகுணாவுக்கு அக்கா மட்டும்தான் மிச்சம்.

சுகுணா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள். கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு டேப்பைப் போடுவாள். எட்வின் இழுப்பார், அக்கா "வந்துருச்சு" என்பாள், சுகுணா "பொய் சொல்லாதக்கா" என்பாள். பிறகு அரிசியைக் களைந்து போடுவாள். பல வருஷமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை வாசலில் சஃபாரி உடை போட்ட ஒருவர் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கல்கண்டு. பேர் ஆனந்தவேலு என்றார். கல்யாணமா என்று சுகுணா கேட்டாள். இல்லை, ஆல்பம் வெளியீடு என்றார். 'மின்தடை'யைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போகிறார்கள். அதிலிருந்து சத்தங்களை எடுப்பது அவர் பொறுப்பு. குடும்பத்தோடு வந்து கௌரவிக்க வேண்டும்.

சுகுணா நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே விவரம் சொன்னார். கொசு அடிக்கிற சத்தத்தை எடுத்தாயிற்றாம். நாய்களை எடுத்தாயிற்றாம். கீரை விற்கிற அம்மாளை எடுத்தபோது கூடையைத் தூக்கி இறக்கிவிட ஆள் இல்லாமல் ரொம்பச் சிரமப்பட்டாராம். வாளியை மட்டும் விட்டுவிட்டார்கள், வாத்தியம் என்பதால். நாலாவது பாட்டில் இன்னும் இரண்டு சத்தம் பாக்கி. ஒன்று வீட்டுக்குள்ளே ரொம்பத் தூரத்தில் சரக், சரக் என்று கேட்கிறது. என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொன்று ஒரு பெண்.

அந்தப் பெண் தன் அக்கா என்றாள் சுகுணா.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். "வியாழக்கிழமை எடுக்கறோம். அதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துட்டா எங்களுக்கும் சௌகரியம்."

அவளை எடுத்துவிட்டு எட்வினை வைத்து மீதி வரியைப் பாடச் சொல்லப் போகிறார்களாம். எட்வினும் சம்மதித்துவிட்டாராம். பாட்டு முழுசாகிவிடுமாம். சுகுணா மோர்ச்செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எடுத்துட்டா எங்க போவா?"

"அதான் மேடம் எனக்கும் தெரியல. எடுக்கறது மட்டும்தான் நம்ம வேலை. எடுத்ததெல்லாம் எங்க போகுதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவர் நல்ல மனிதர்தான். போகும்போது கல்கண்டில் கொஞ்சம் கூடவே வைத்துவிட்டுப் போனார்.

சுகுணா அக்காவை வீட்டுக்கே கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தாள். பீரோவில் பாதியைக் காலி செய்தாள். புது டூத்பிரஷ் வாங்கினாள். அக்காவின் தட்டைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். அக்காவுக்கு இன்னும் பதினேழு வயது. தனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஊருக்குள் அக்கா என்று அறிமுகப்படுத்தினால் சிரிப்பார்களோ என்று கொஞ்சம் யோசித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒயர் கூடையில் பிரெட், பிளாஸ்க், சீப்பு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்தாள். முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து உள்ளே போனாள். அடுக்களை விளக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

உள்ளே ஒரு கம்பிக் கதவு. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரப் பாக்கணும்?"

"திலகா. நாலாவது பாட்டு."

"பாட்டா, சத்தமா?"

"சத்தம்."

"சத்தத்துக்கு ஒரு ஆள்தான் விடுவோம்."

தான் ஓர் ஆள்தான் வந்திருப்பதாகச் சுகுணா சொன்னாள். அவர் அவளுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார். பிரெட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். திலகா படுத்திருந்த ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒருவர் அமுக்கிப் பார்ப்பார்.

முதல் பாட்டு ஒரு நீளமான வராண்டா. ஒரு பக்கம் முழுக்க ரயில்வே லைன் வீடுகள். எங்கேயோ கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத எலக்ட்ரிக் கிடாரின் சத்தம் தகர மூடிமேல் எறும்பு நடக்கிற மாதிரி இருக்கும். ராக் இசை என்றாலே இப்படிச் சன்னமாகத்தான் இருக்கும் என்று சிறுவயதில் சுகுணா நினைத்திருந்தாள். பின்னாளில் ஒரு கல்லூரி விழாவில் நிஜமான ராக் கச்சேரி கேட்டபோது, யாரோ தெரியாத்தனமாகக் கரண்ட் கொடுத்துவிட்டார்கள் என்று பதறிப்போனாள்.

கிடார் வாசிக்க வாசிக்க வராண்டா நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வீட்டு வாசலில் நீலத் துண்டு காய்ந்தது. ஓர் அம்மாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்க, அக்காவப் பாக்கவா?" என்றாள். ஆமாம் என்றாள் சுகுணா. அடுத்த வீட்டிலும் நீலத் துண்டு, அதே அம்மாள். "எங்க, அக்காவப் பாக்கவா?" அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. சுகுணா ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொன்னாள். சொல்லாமல் போனால் மரியாதையாக இருக்காது. எங்கேயோ டிரான்ஸ்பார்மர் சரியாகி, எல்லோரும் "ஏய்ய்ய்" என்று கத்தினார்கள். வராண்டா முடிந்தது.

இரண்டாவது பாட்டை ஏற்கெனவே சுத்தம் செய்திருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. பனியன் போட்ட ஒருவர் கையை ஓங்கியபடி நின்றிருந்தார். அவருடைய இடது கையில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. அடிக்கிற சத்தத்தை எடுத்துவிட்டதால் அவரால் அடியை முடிக்க முடியவில்லை. ஒரு நாய் வாயைத் திறந்தபடி நின்று, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சுகுணாவைப் பார்த்தது. கீரைக்காரி உட்கார்ந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

இந்தப் பாட்டு எவ்வளவு அழகான பாட்டு. கொசு அடிக்கிற சத்தம்தான் இதில் தாளம் என்று சுகுணா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. பனியன்காரருடைய கொசுவைத் தானே அடித்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. கொசுவும் சாகவில்லை. "பரவால்லம்மா, நீங்க கிளம்புங்க" என்றார் அவர்.

மூன்றாவது பாட்டில் அதே தெரு ஜெபமாலை மாமா சுவரில் மாட்டியிருந்தார். ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் சுவர்க்கடிகாரம் ஆகிவிட்டார். வீட்டில் சும்மா உட்கார முடியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமி சாவி கொடுப்பாள், கண்ணாடியைத் துடைத்துவிடுவாள். மூன்றாவது பாட்டுக்குத் தாளம் இவர்தான். வாளிக்காரருக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

அக்காவை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது மாமா என்று கேட்டாள் சுகுணா.

"என்னக் கேட்டா? நான் கடிகாரம்மா. நேரத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அவர் டிக் டிக் என்று கொஞ்சநேரம் யோசித்தார். சஃபாரி போட்ட ஒருத்தன் சற்றுமுன் பிரஷ்ஷோடு இந்தப் பக்கம் போனான் என்றார். தன்னைக்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனானாம். சுகுணா ஓடினாள். அவள் ஓடியதில் மூன்றாவது பாட்டின் வேகம் கூடிவிட்டது. இப்போது கேட்டாலும் அந்த இடத்தில் கொஞ்சம் அவசரமாகத்தான் இருக்கும்.

நாலாவது பாட்டில் சாயங்காலம். இருட்ட ஆரம்பித்திருந்தது. வாசலுக்கு வாசல் பாய். எட்வின் சுவரைப் பார்த்து நின்று பாடிக்கொண்டிருந்தார். வாளிக்காரர் வாளியைத் தட்டினார். திலகா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தீபாவளித் தாவணிகளையும் மடித்து முதுகுக்கு வைத்திருந்தாள்.

"என்ன பாப்பா" என்றாள் திலகா. "இப்படி நரைச்சுப் போச்சு?"

சுகுணா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை குளிர்ச்சியாக, சின்னதாக இருந்தது. பிரெட்டைக் கொடுத்தாள். அக்கா ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டு நடுவில் மட்டும் தின்றாள். முன்பும் அப்படித்தான் தின்பாள். சுகுணா விஷயத்தைச் சொன்னாள். பீரோவில் இடம் பண்ணிவிட்டதையும், தட்டு தேய்த்து வைத்திருப்பதையும் சொன்னாள். உடனே கிளம்பு என்றாள்.

"கரண்ட் வரட்டும், வரேன்."

"இந்தப் பாட்டுல கரண்ட் வராதுக்கா. நீ பொய்யா கத்துன."

"தெரியும்" என்றாள் திலகா. "வந்தா எல்லாரும் எந்திரிச்சு டிவி பாக்க உள்ள போயிருவாங்க. இப்ப பாரு, எல்லாரும் வெளியிலயே இருக்காங்க."

சுகுணா பார்த்தாள். எல்லோரும் வெளியிலேயே இருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்கள்கூட ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன. இருட்டில் யார் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அதுவுமில்லாம நான் வந்துட்டா அம்மாவ யாரு பாத்துக்கறது?"

எந்த அம்மா என்று கேட்டாள் சுகுணா.

"நம்ம அம்மாதான். உள்ள சோறு வடிக்கிறா. காதுல விழல உனக்கு?"

சுகுணா மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். அடுக்களைக்குள்ளே, ரொம்பத் தூரத்தில், சரக், சரக் என்றது. ஓரம் கிழிந்து சிவப்புத் துணி வைத்துத் தைத்த பனையோலை விசிறி. அம்மா அதை ஒரு கையால் விசிறிக்கொண்டே இன்னொரு கையால் சோறு வடிப்பாள். இத்தனை வருஷம் தினமும் டேப்பைப் போட்டும் சுகுணாவின் காதில் அது விழுந்ததே இல்லை. அக்காவின் குரலுக்குக் காத்திருந்தவள் வேறு எதையும் கேட்கவில்லை. சுகுணா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் உள்ளே போக எழுந்தாள்.

அக்கா அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இருட்டா இருக்கு. கஞ்சியத் தட்டிவிட்டுருவ. கரண்ட் வரட்டும், போய்ப் பாக்கலாம்."

அப்போதுதான் ஆனந்தவேலு வந்தார். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் பெரிய பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ளே நாய்கள் முண்டிக்கொண்டிருந்தன. சுகுணாவைப் பார்த்ததும் கும்பிட்டார். இன்னும் காலி செய்யவில்லையா என்று வருத்தமாகக் கேட்டார்.

கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் சுகுணா. உள்ளே இருப்பது தன் அம்மா என்றாள். ஓ, அதுவா சரக் சரக், நல்லவேளை தெரிந்தது என்றார் அவர். தெரியாமல் எடுப்பது அவருக்கும் பிடிக்காதாம். முதலில் பாட்டு முடியட்டும், உள்ளே இருப்பதை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் திலகாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பிரஷ்ஷால் அவள் தொண்டைப் பக்கம் லேசாகத் தட்டினார். குரல் கழன்று வந்துவிட்டது. அதை நாலாக மடித்துக் கவருக்குள் போட்டார். திலகா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் பயந்து சுகுணா பார்த்ததே இல்லை. இப்போது பயந்தாள்.

ஆனந்தவேலு எட்வினுக்குச் சைகை காட்டினார். எட்வின் தொண்டையைச் செருமிக்கொண்டார். நெற்றி கிட்டத்தட்டச் சுவரில் முட்டியது. வாளி மெதுவாக ஒலித்தது. எல்லாப் பாய்களிலும் பேச்சு நின்றது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த வரி அல்லவா.

"நீ திரும்பி வரும்போது வாசல்ல..."

எட்வின் மூச்சை உள்ளே இழுத்தார். திலகா சுகுணாவைப் பார்த்தாள். உள்ளே சரக், சரக் என்றது.

சுகுணா பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் கேட்டது மட்டும்தான் தெரியும்.

"வந்துருச்சு" என்று கத்தினாள்.

தெருவே அண்ணாந்து பல்பைப் பார்த்தது. எட்வின் சுவரைவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாளிக்காரர் வாளியைக் கீழே வைத்தார். ஆனந்தவேலுவும் பார்த்தார். அவரும் எங்கேயோ ஒரு தெருவில் பாயில் உட்கார்ந்து வளர்ந்த ஆள்தானே. அவர் கைகள் தானாக மேலே போயின, வாய் தானாக "ஏய்ய்ய்" என்றது. கவர் கீழே விழுந்து வாய் பிளந்தது. நாய்கள் வெளியே ஓடின. கீரைக்காரி எழுந்து கூடையைத் தூக்கிவிட ஆள் தேடினாள். இரண்டாவது பாட்டின் பக்கம் பட் என்று ஓர் அடி விழுந்தது. அப்பாடா என்று ஓர் ஆம்பளைக் குரலும் கேட்டது.

பாட்டு நின்றுவிட்டது. எட்வின் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன், இருட்டு.

ஆனந்தவேலு பிரஷ்ஷைக் கீழே வைத்தார். இப்போது தன்னுடைய சத்தமும் இதில் சேர்ந்துவிட்டது என்றார். தன்னையே எடுக்க அவருக்குப் பழக்கமில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். சுகுணா பிளாஸ்க்கை நீட்டினாள்.

திலகா கவரிலிருந்து தன் குரலை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"ஏன் பாப்பா" என்றாள். "எதிர்வீட்டுல இருக்கா?"

சுகுணா எழுந்து பாட்டின் கடைசி ஓரம்வரை போய் வெளியே பார்த்தாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடிவீட்டில் விளக்கு. கடைசி வீட்டில் விளக்கு. அதற்கப்பால் பொன்மலை முழுக்க விளக்கு. தூரத்தில் அவள் வீட்டு அடுக்களையில் அவள் அணைக்க மறந்துவந்த விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. அவள் எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றாள். "எல்லாருக்கும் போயிருக்கு."

"அப்ப சரி" என்றாள் அக்கா. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பாயில் இடம் விட்டாள்.